சாம்பல் மறித்த பயணமும் வியாபாரியின் தராசும்

எல்லாப் புகழும் எல்லாம் வல்ல அல்லாஹு தஆலாவுக்கே உரித்தாகுக! அவன் திருத்தூதர் முஹம்மது நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருக்கும் நமக்கு ஆகாய விமானம் தூரத்துச் சங்கதியன்று. கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறினால் 28 நிமிஷத்தில் விமான நிலையம் போய்ச் சேரலாம். காலையில் கல்லாப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, மாலையில் சென்னையிலோ ஜகார்த்தாவிலோ சரக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். “நாளை மறுநாள் கடையில் இருப்பேன்” என்று கூசாமல் வாக்குக் கொடுக்கிறோம். ஆனால் அண்டை நாட்டில் ஒரு மலை இருமினால் போதும், நம்முடைய வாக்கு, கணக்கு, திட்டம் எல்லாம் நின்றுவிடுகின்றன.

இது எப்போதோ ஒருமுறை நடக்கும் காரியமும் அன்று. 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஜாவாவில் கெலுட் எரிமலை வெடித்துச் சுராபாயா, சோலோ, ஜோக்ஜகர்த்தா விமான நிலையங்கள் மூடப்பட்டன. 2015-ஆம் ஆண்டு ஜூலையில், ரமலானின் கடைசிப் பத்து நாட்களில், ராவுங் எரிமலையின் சாம்பல் பாலித் தீவின் விமான நிலையத்தை மூட வைத்தது. 2017 நவம்பரில் ஆகுங் எரிமலையால் அதே நிலையம் மீண்டும் மூடப்பட்டது. 2024 நவம்பரில் புளோரஸ் தீவின் லெவோதோபி வெடித்தபோது, கோலாலம்பூரிலிருந்து பாலி செல்லும் விமானங்களும் ரத்தாயின. 2025 நவம்பர் 23-ஆம் தேதி எத்தியோப்பியாவில் ஹைலி குப்பி எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் செங்கடலையும் அரபு நாடுகளையும் கடந்து டில்லி வரை வந்தது. இந்தியாவிலிருந்து ஜித்தா செல்லும் விமானங்கள் சிலவும், துபாய்–சென்னை விமானமும் அதனால் ரத்தாயின. உம்ரா நாடியவர்களும், வேலை முடிந்து ஊர் திரும்பியவர்களும் ஒரே சாம்பலால் தடுக்கப்பட்டார்கள்.

இத்தகைய வேளையில் ஒரு முஸ்லிம் வியாபாரி எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இதுவே இம்மாதம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட விஷயம்.

காத்திருப்பது நம் குலத்துக்குப் புதிதன்று. நாகூர், நாகப்பட்டினம், காயல், கீழக்கரைக் கரைகளிலிருந்து பாய்மரம் ஏறிய நம் முன்னோர், காற்றை நம்பியே பிரயாணம் செய்தார்கள். வாடை வீசும் பருவத்தில் ஒரு திசைக்கும், தென்மேற்குக் காற்றில் மறு திசைக்கும் போவார்கள். காற்றுத் திரும்பாவிட்டால் மாதக்கணக்கில் அந்நியக் கரையிலேயே தங்குவார்கள். பின்னர் நீராவிக் கப்பல் வந்தது. 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’வின் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்த பெரியவர்களின் பிள்ளைகள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வாரத் தாமதம் பெரிதாகப் படவில்லை. நமக்கோ ஒரு மணி நேரத் தாமதமே உலகம் கவிழ்ந்ததாகத் தோன்றுகிறது. வேகம் வளர்ந்தது, பொறுமை குறைந்தது.

“இலேசான சாம்பல்தானே, அதற்காகவா இவ்வளவு பெரிய விமானத்தை நிறுத்துகிறார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. அடுப்பங்கரைச் சாம்பலும் எரிமலைச் சாம்பலும் ஒன்றல்ல. எரிமலைச் சாம்பல் என்பது பாறையும் கண்ணாடியும் பொடிந்த தூள். ஜெட் இயந்திரத்தின் உள்ளே இருக்கும் உஷ்ணத்தில் அது உருகி, சுழலும் தகடுகளில் ஒட்டிக்கொண்டு, காற்றுப் போகும் வழியை அடைத்துவிடும். விமானியின் முன்னிருக்கும் கண்ணாடியை உப்புத்தாள் கொண்டு தேய்த்தாற்போல் மங்கச் செய்யும். மழை மேகத்தைக் காட்டும் ராடார் கருவிக்கு இந்த உலர்ந்த தூள் தென்படாது.

இதற்குச் சாட்சி நம் ஊரிலிருந்து கிளம்பிய விமானமே. 1982-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி இரவு, லண்டனிலிருந்து புறப்பட்டு வழியில் நமது சுபாங்கில் இறங்கிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று, பெர்த் நகரை நோக்கிக் கிளம்பியது. அதில் 248 பிரயாணிகளும் 15 சிப்பந்திகளும் இருந்தனர். ஜாவாவின் தென்புறக் கடலுக்கு மேல், கலுங்குங் எரிமலையின் சாம்பலுக்குள் அது நுழைந்தது. 37,000 அடி உயரத்தில் நான்கு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. இருளில் சறுக்கிக்கொண்டே இறங்கி, ஏறத்தாழ 13,000 அடிக்கு வந்த பிறகே இயந்திரங்கள் மீண்டும் உயிர்பெற்றன. பார்வை மங்கிய கண்ணாடி வழியே ஜகார்த்தாவில் விமானத்தை இறக்கினார்கள். ஓர் உயிருக்கும் சேதமில்லை. அது அல்லாஹ்வின் பேரருள்.

அந்த இரவு கற்பித்த பாடத்தால்தான் இன்று உலகை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, ஒன்பது நிலையங்கள் எரிமலைச் சாம்பலைக் கண்காணிக்கின்றன. இந்தோனேசிய மலைகளை ஆஸ்திரேலியாவின் டார்வின் நிலையம் கவனிக்கிறது. ஆகவே, விமானம் ரத்து என்று பலகையில் எழுத்து ஓடும்போது, நம் உயிரை யாரோ அமானிதமாகக் கருதிப் பாதுகாக்கிறார்கள் என்று முதலில் எண்ண வேண்டும். முதலில் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன் பிறகு தவக்குல் வைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு கிராமவாசிக்குப் போதித்தார்களன்றோ! விமானத்தைத் தரையில் நிறுத்துவதும் ஒட்டகத்தைக் கட்டுவதே.

“பயந்து நிற்பது ஈமானுக்கு அழகா? விதித்தது நடக்கட்டுமே” என்று வீரம் பேசுவோருக்கு ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு வாக்கில் நடந்த சம்பவம் ஒன்று விடை சொல்லும். கலீபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் நோக்கிப் பிரயாணம் செய்து, ஸர்க் என்ற இடத்தை அடைந்தார்கள். அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. சஹாபாக்களுடன் ஆலோசித்துத் திரும்பிவிடத் தீர்மானித்தார்கள். அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்பது கலீபாவின் பதில். பள்ளத்தாக்கின் ஒரு புறம் பசுமையாகவும் மறுபுறம் வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எந்தப் புறம் மேய்த்தாலும் அது விதிப்படியே அல்லவா என்றும் விளக்கினார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோய் பரவிய ஊருக்குள் போகக் கூடாதென்று நாயகமவர்களிடமே தாம் கேட்ட செய்தியைக் கூறினார்கள். அவர்கள் யார்? மதீனாவின் பெரும் வியாபாரி! பிரயாணத்தை நிறுத்துவதால் நேரும் நஷ்டம் இன்னதென்று அறிந்தவர். போவது எப்படிக் கத்ரோ, திரும்புவதும் அப்படியே கத்ர்தான் சகோதரர்களே.

நாயகம் (ஸல்) அவர்களுடைய பிரயாணமே தடுக்கப்பட்டதுண்டு. ஹிஜ்ரி 6-இல் ஏறத்தாழ 1,400 தோழர்களுடன் உம்ராவுக்குப் புறப்பட்டு, மக்காவை நெருங்கிய நிலையில் ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். அங்கேயே குர்பானி கொடுத்து, தலைமுடி களைந்து, ஊர் திரும்பினார்கள். தோழர்களின் உள்ளம் கொதித்தது. ஆனால் அந்தத் திரும்புதலையே அல்லாஹ் தெளிவான வெற்றி என்று சிறப்பித்தான். மறு ஆண்டு உம்ராவும் நிறைவேறியது. தடுக்கப்பட்டது எல்லாம் இழக்கப்பட்டது ஆகாது.

இவையெல்லாம் பொறுமையைப் பற்றியன. ஆனால் வியாபாரிக்குப் பொறுமை மட்டும் போதாது. இதை என் சொந்த வெட்கக் கதை ஒன்றால் விளக்க அனுமதி கொடுங்கள்.

2014-இல் கெலுட் வெடித்த அந்த வியாழன் இரவில் நான் சுராபாயாவில் இருந்தேன். பாத்தேக் சாரோங் கொள்முதலுக்காகப் போயிருந்தேன். விடிந்து பார்த்தால் தெருவும் கூரையும் சாம்பல் நிறம். அன்று வெள்ளிக்கிழமை. சுனான் அம்பெல் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுதேன். பொறுமையாக இருங்கள் என்று இமாம் சொன்னதற்குத் தலையை ஆட்டினேன். அங்கிருந்து நேரே விமான நிலையம் போய், கவுண்டரில் இருந்த ஒரு சின்னப் பெண்ணிடம், “நான் பறக்காத விமானத்துக்கு நீங்கள் பணம் வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?” என்று சத்தம் போட்டேன். அவள் முகமூடியை இறக்கி, மெதுவாக மன்னிப்புக் கேட்டாள். அவளுடைய வீடு மலைக்கு எவ்வளவு பக்கமோ, அவள் பெற்றோர் எங்கே இருந்தார்களோ, நான் கேட்கவில்லை.

சில நாட்களில் கோலாலம்பூர் வந்து சேர்ந்தேன். கடை திறந்த மறுநாள் கிள்ளானிலிருந்து ஒரு மலாய் அம்மாள் வந்தார். ஜாவா வம்சத்தவர். மகளுடைய கல்யாண விருந்துக்காக 40 சாரோங்கிற்கு 300 ரிங்கிட் முன்பணம் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஜோக்ஜகர்த்தாவில் மாட்டிக்கொண்டதால் கல்யாணம் தள்ளிப்போயிற்று என்றும், மண்டபத்துக்கு மறுபடி பணம் கட்ட வேண்டியிருப்பதால் அந்த முன்பணத்தைத் திருப்பித் தர முடியுமா என்றும் கேட்டார். நான் வாய் திறந்துகூடப் பதில் சொல்லவில்லை. ரசீதின் அடியில் அச்சிட்டிருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினேன்: முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது.

அவர் ரசீதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஸலாம் சொல்லிப் போய்விட்டார்.

இஷாத் தொழுகையில் இமாம் ஓதிய அத்தியாயம், அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைப் பற்றிய முதஃப்பிஃபீன் ஸூரா. பிறரிடமிருந்து அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, தாம் அளந்து கொடுக்கும்போது குறைத்துவிடுவோருக்குக் கேடு என்று அது தொடங்குவதை நாம் அனைவரும் அறிவோம். என் கடையில் தராசே கிடையாது. கஜக்கோலில் நான் ஒருபோதும் குறைத்ததுமில்லை. ஆகவே, அந்த ஸூரா மளிகைக் கடைக்காரருக்கு இறங்கியது என்று அதுவரை எண்ணியிருந்தேன். அன்றுதான் புரிந்தது. சுராபாயாவில் என் பணத்துக்கு நான் பிடித்தது ஒரு தராசு. பிரிக்பீல்ட்ஸில் அந்த அம்மாளின் பணத்துக்குப் பிடித்தது வேறொரு தராசு. மறித்ததோ ஒரே மலையின் சாம்பல்!

மறு வாரம் 300 ரிங்கிட்டை எடுத்துக்கொண்டு கிள்ளான் போய், வீட்டை விசாரித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், தேநீரும் கொடுத்தார். ஆனால் அதன் பிறகு என் கடைப்படி அவர் மிதிக்கவில்லை. பணம் திரும்பிற்று, போன நம்பிக்கை திரும்பவில்லை.

அன்பர்களே! வாங்கியவர் மனம் மாறியோ, இடர்ப்பட்டோ வந்து கேட்டால், முடிந்த வியாபாரத்தை விட்டுக்கொடுத்து ரத்துச் செய்வதற்கு நமது மார்க்கச் சட்டத்தில் ‘இகாலா’ என்று பெயர். தன் சகோதரனுக்கு அவ்வாறு விட்டுக்கொடுத்தவனின் தவறுகளை அல்லாஹ் மறுமையில் விட்டுக்கொடுப்பான் என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூத் கிரந்தத்தில் பதிவாகியிருக்கிறது. விமானம் ரத்து என்றால் நாம் அழுகிறோம். நமக்கு ஆகிரத்தில் லாபம் தரும் ரத்து ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சரக்கு வாங்காவிட்டால் முன்பணம் விற்றவனுக்கே சொந்தம் என்ற ஒப்பந்தத்தை ‘உர்பூன்’ என்பார்கள். நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் அது செல்லத்தக்கதன்று. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் அனுமதித்திருக்கிறார்கள். இக்கால உலமாக்கள் சிலரும் கெடு வைத்து ஏற்கிறார்கள். ஆகவே, ரசீதுப் புத்தகத்தில் அந்த வரியை அச்சிடக் கொடுக்குமுன், ஓர் ஆலிமைக் கேட்டுக்கொள்ளுங்கள். அச்சாபீஸ்காரர் வழக்கமாகப் போடுவது என்பதற்காக அது ஹலாலாகிவிடாது.

இனி, அவரவர் தொழிலுக்குத் தக்கபடி சில வார்த்தைகள்.

உம்ரா, ஹஜ் பயண ஏற்பாடு செய்யும் சகோதரர்களே! விமானம் ரத்தானால் ஹாஜிமார்களிடம் முதலில் போய் நில்லுங்கள், தொலைபேசியை அணைத்துவிடாதீர்கள். விமானக் கம்பெனியிடமிருந்தோ விடுதியிலிருந்தோ நமக்குத் திரும்பி வந்த பணம், அவர்களுடைய அமானிதம். அதை அடுத்த கூட்டத்தின் செலவுக்குப் புரட்டக் கூடாது. புறப்படுவோருக்கு இஹ்ராமைப் பற்றியும் சொல்லி வையுங்கள். வீட்டில் குளித்து உடை உடுத்திக்கொள்வதில் தடையில்லை. ஆனால் நிய்யத்தை அவசரப்பட்டு நிலையத்திலேயே வைத்துவிட்டால், விமானம் நின்றுபோகும்போது இஹ்ராமின் கட்டுப்பாடுகளோடு வீடு திரும்பவேண்டி வரும். விமானம் கிளம்பி மீகாத்தை நெருங்கும்போது வைப்பது இலேசு. தடை நேர்ந்தால் அவ்விடத்திலேயே இஹ்ராமைக் களைவேன் என்று நிபந்தனையிட்டு நிய்யத் வைக்க ஷாஃபிஈ மத்ஹபில் வழியுண்டு. நோயாளியாக இருந்த ழுபாஆ (ரலி) என்ற பெண்மணிக்கு நாயகமவர்கள் அப்படிக் கற்றுக்கொடுத்தார்கள்.

உணவுக் கடை, தங்கும் விடுதி, நாணய மாற்றுக் கடை நடத்துவோரே! ஊர் போக முடியாமல் பெட்டியும் கையுமாக கே.எல். சென்ட்ரல் வாசலில் நிற்பவன் முஸாபிர். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையாரில் வழிப்போக்கனையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். அவன் ஊரில் செல்வந்தனாயினும், இங்கே கையில் காசில்லாதவன். அவனைக் கண்டதும் வாடகையை இரட்டிப்பாக்குவதும், மாற்று விகிதத்தைக் கீறுவதும், அவனுடைய நெருக்கடியை விலைக்கு வாங்குவதாகும்.

இறக்குமதி ஏற்றுமதி செய்வோரே! 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் ஐரோப்பிய வானத்தை மூடியபோது, ஏறத்தாழ 1 லட்சம் விமானங்கள் ரத்தாகி, ஏறத்தாழ 1 கோடி பிரயாணிகள் தவித்தார்கள். எங்கோ இருக்கும் கென்யா நாட்டில் ஏற்றுமதிக்குப் பறித்து வைத்த பூக்கள் கிடங்கிலேயே வாடின. அழுகும் பண்டத்தை ஒரே வழியை நம்பி வைத்தவருக்கு நஷ்டம் கூடுதல். பண்டிகைச் சரக்கை ஒரு வாரம் முன்னதாக வரவழைப்பதும், ஒரு பகுதியைக் கப்பலில் போடுவதும் ஒட்டகத்தைக் கட்டும் காரியங்களே. அப்படியும் தாமதித்தால், காத்திருப்பவருக்கு அன்றே உண்மையைச் சொல்லிவிடுங்கள். நமக்குத் தர வேண்டியவர் அதே தடையால் இடர்ப்பட்டிருந்தால், வசதி வரும் வரை தவணை கொடுக்கத் திருமறை பணித்திருப்பதை மறவாதீர்கள்.

நமக்கு வர வேண்டியதைக் கேட்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. மலேசியாவில் 2016-ஆம் ஆண்டு வந்த விமானப் பிரயாணிகள் பாதுகாப்பு விதிகளின்படி, ரத்தான பயணத்துக்குப் பணத்தைத் திரும்பப் பெறவோ, வேறு விமானம் கேட்கவோ உரிமையுண்டு. பணத்தை 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கவுண்டரில் நிற்கும் சம்பளக்காரப் பிள்ளை எரிமலையை வெடிக்கச் செய்யவில்லை. உரிமையை நாவால் சம்பாதிக்க வேண்டாம்.

அந்நிய ஊரில் மாட்டிக்கொண்டவர் தொழுகையை விடவேண்டியதில்லை. இன்று கிளம்பலாம், நாளை கிளம்பலாம் என்று நாள் தெரியாமல் காத்திருப்பவர், ஷாஃபிஈ மத்ஹபில் 18 நாட்கள் வரை கஸ்ர் செய்யலாம். ஹனஃபி மத்ஹபில் 15 நாட்கள் தங்குவதென்று நிய்யத் வைக்காத வரை கஸ்ரே கடமை. காத்திருக்கும் மணி நேரத்தைக் குறை பேசியே கழிப்பவரும் உண்டு. குர்ஆன் ஓதிக் கழிப்பவரும் உண்டு. இருவருக்கும் விமானம் ஒரே நேரத்தில்தான் கிளம்பும்.

நாளை செய்வேன் என்று சொல்லும்போது இன்ஷா அல்லாஹ் சேர்க்க வேண்டும் என்ற போதனையும் ஒரு தாமதத்திலேயே இறங்கியது. குறைஷியர் கேட்ட கேள்விகளுக்கு நாளை விடை தருவதாக நாயகமவர்கள் சொல்ல, பதினைந்து நாட்கள் வஹீ வரவில்லை என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். பின்னர் கஹ்ஃபு ஸூராவில் அந்த ஒழுங்கு கற்பிக்கப்பட்டது. நம்மில் பலர் அந்த வார்த்தையைச் செய்ய மனமில்லாத காரியத்துக்குச் சாக்காகச் சொல்கிறோம். அதன் பொருள் வேறு. என்னால் ஆனதை முழுதும் செய்வேன், அதற்கு மேல் அவன் நாட்டம் என்பதே அது.

கடைசியாக ஒன்று. நம் விமானத்தை நிறுத்திய மலையின் அடியிலும் மனிதர்கள் வாழ்கிறார்கள். கெலுட் வெடித்தபோது பல்லாயிரம் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள். லெவோதோபி வெடித்த இரவில் உறங்கியவர்களில் சிலர் எழவே இல்லை. நமக்குப் போனது ஒரு டிக்கெட். அடுத்த முறை சாம்பல் நம்மை மறிக்கும்போது, நஷ்டக் கணக்கை எழுதுமுன் அவர்களுக்காக இரு கையேந்துவோமாக. இயன்றதை அனுப்புவோமாக.

யா அல்லாஹ்! பிரயாணத்திலும் தங்குதலிலும் எங்களுக்குப் பொறுமையைத் தந்தருள்வாயாக! எங்கள் வியாபாரத்தில் பரக்கத்துச் செய்வாயாக! வாங்கும் கைக்கும் கொடுக்கும் கைக்கும் எங்களிடம் ஒரே தராசு இருக்கச் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!

வஸ்ஸலாம்.